போஸ்ட்ஜிஸ் குவெரி பாதியில் விழுந்தால்

ஏரி எல்லைகளை வார்டு எல்லைகளோடு வைத்து வெட்டிப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் வரைபட வடிவங்களைக் கையாளும் எக்ஸ்டென்ஷனான போஸ்ட்ஜிஸ்ஸில் ஓட்டும் குவெரி பாதியில் நின்றால் முதலில் நான் பார்ப்பது ஒன்றே: எரர் வந்ததா, கனெக்‌ஷனே அறுந்ததா? இரண்டுக்கும் தேடும் இடம் வேறு.

எரர் என்றால் அடிக்கடி வருவது டோபாலஜி எக்ஸெப்ஷன். வடிவங்களின் கணக்கைப் போடும் ஜியோஸ் லைப்ரரிதான் இதை எழுப்புகிறது. பெரும்பாலும் தன்னைத்தானே வெட்டிக்கொண்ட பாலிகன் ஒன்று டேபிளில் எங்கோ இருக்கும். எரர் வரியின் கடைசியில் உள்ள இரண்டு எண்களைப் பலரும் படிப்பதே இல்லை. சிக்கல் உள்ள இடத்தின் எக்ஸ், ஒய் அவைதான். க்யூஜிஸ் வரைபட மென்பொருளில் அந்தப் புள்ளிக்குப் போய் ஜூம் செய்யுங்கள். ஏரி குறுகிக் கலங்கலில் முடியும் இடங்களில் கோடு முடிச்சு விழுந்து கிடப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டேபிள் முழுவதையும் சோதிக்க, எஸ்டி_இஸ்வேலிட் பொய் என்று சொல்லும் ரோக்களை மட்டும் எடுத்து எஸ்டி_இஸ்வேலிட்ரீசன் போடுங்கள். காரணமும் இடமும் சேர்ந்தே வரும். எஸ்டி_மேக்வேலிட் சரிசெய்துவிடும்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அப்டேட் செய்யாதீர்கள். பாலிகனாகப் போனது கோடும் பாலிகனும் கலந்த கலெக்‌ஷனாகத் திரும்பலாம். எஸ்டி_கலெக்‌ஷன்எக்ஸ்ட்ராக்டுக்கு 3 கொடுத்தால் பாலிகன்கள் மட்டும் மிஞ்சும். பிறகு பழைய பரப்பளவையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதை நான் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. சரிசெய்த பிறகு ஏரி சுருங்கியிருந்தால், அந்த வரைபடத்தை நம்பி ஆக்கிரமிப்பே இல்லை என்று ஒருவர் எழுதிவிடுவார்.

அடுத்தது எஸ்ஆர்ஐடி, அதாவது வடிவம் எந்த ஆயமுறையில் உள்ளது என்று சொல்லும் எண், கலந்துவிட்டது என்ற எரர். தமிழ்நாட்டுத் தரவில் இதற்குத் தனிக் காரணமே உண்டு. 78 டிகிரி தீர்க்கரேகை மாநிலத்தின் ஊடாகப் போகிறது. பூமியைப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையில் 43, 44-ஆம் பட்டைகளுக்கு அதுதான் எல்லை. கோவை 43-இல் விழும், எண் 32643. சென்னை 44-இல், எண் 32644. திண்டுக்கல் நகரம் கோட்டுக்கு மேற்கே, மதுரை கிழக்கே. எரரை வாயடைக்க எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி போடாதீர்கள்; அது பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றும், எண்கள் அப்படியே இருக்கும். மாற்ற வேண்டியது எஸ்டி_டிரான்ஸ்ஃபார்மால்.

எரரே வராத பிழை இதைவிட மோசம். டிகிரியில் அளக்கும் 4326-இல் உள்ள ஜியாமெட்ரிக்கு எஸ்டி_பஃபரில் 500 கொடுத்தால் அது 500 டிகிரி. எஸ்டி_மேக்பாயிண்டில் அட்சரேகையை முதலில் கொடுத்தால் சென்னைப் புள்ளி ஆர்க்டிக்கில், ஸ்வால்பார்டு பக்கம் போய் விழும்.

கனெக்‌ஷன் அறுந்தால் குவெரியைத் தொடாதீர்கள், சர்வர் லாக்கைத் திறங்கள். சிக்னல் 9 என்று இருந்தால், மெமரி தீர்ந்து லினக்ஸ் அந்தப் புராசஸைக் கொன்றிருக்க வாய்ப்பு அதிகம், லினக்ஸ் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் உறுதிசெய்யலாம். போஸ்ட்கிரெஸ் அமைப்பில் தரும் ஒர்க்_மெம் என்ற மெமரி அளவு மொத்த குவெரிக்கானது அல்ல. ஒவ்வொரு சார்ட்டும் ஹாஷும், ஒவ்வொரு பேரலல் ஒர்க்கரிலும், அவ்வளவு எடுக்கலாம். அதைக் குறையுங்கள். லட்சக்கணக்கான வெர்டெக்ஸ் (மூலைப்புள்ளி) உள்ள பெரிய பாலிகன்களை எஸ்டி_சப்டிவைடால் 256 வெர்டெக்ஸ் துண்டுகளாக்கித் தனி டேபிளில் வைத்து இடத்தை வைத்துத் தேட உதவும் ஜிஸ்ட் இண்டெக்ஸ் போடுங்கள். வேகமும் கூடும்.

சிக்னல் 11 என்றால் லைப்ரரிக்குள் உடைந்திருக்கிறது. எரரைப் பிடிக்க எழுதும் எக்ஸெப்ஷன் பிளாக் இதைப் பிடிக்காது. ஒரு புராசஸ் இப்படி விழுந்தால் போஸ்ட்கிரெஸ் மற்றவர்களின் கனெக்‌ஷன்களையும் அறுத்துவிட்டுத்தான் மீளும். ஆகவே தேடுவதை நகல் டேட்டாபேஸில் செய்யுங்கள். ஐடியைப் பாதி பாதியாகப் பிரித்து ஓட்டினால் குற்றவாளி ரோ சிக்கும். போஸ்ட்ஜிஸ்_ஃபுல்_வெர்ஷன் போட்டு ஜியோஸ் எண்ணையும் பாருங்கள். வெட்டும் கணக்கு 3.9-இல் புதிதாக எழுதப்பட்டது. அதற்கு முந்தையது என்றால் முதலில் அப்கிரேட் செய்யுங்கள், பிறகு டேட்டாபேஸுக்குள் போஸ்ட்ஜிஸ்_எக்ஸ்டென்ஷன்ஸ்_அப்கிரேட் ஓட்டுங்கள்.