மலையகத்து ஈரத்தில் ருகர் 10/22 சிக்காமல் ஓட

நுவரெலியா, ஹட்டன் பக்கம் துவக்கைத் தேங்காய் எண்ணெயால் துடைப்பவர்கள் உண்டு. காலைக் குளிரில் அது, குழலின் பின்வாயை மூடும் இரும்புக்கட்டையான போல்ட்டுக்குள் வெண்ணெய்போல உறைந்துவிடும். முதல் ரவை வெடிக்கும். ரவையின் வெற்று உறை வெளியேறும் வாயில் நெரிபட்டு நிற்கும். பழி துவக்கின்மேல்.

1964இல் அமெரிக்காவில் வெளிவந்த, அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும் ருகர் 10/22 துவக்கில் போல்ட்டைப் பூட்டும் ஏற்பாடே கிடையாது. போல்ட்டின் பாரமும் ஒரு ஸ்பிரிங்கும்தான் அதை நிறுத்திவைக்கின்றன. உறை பின்னால் தள்ளும் வேகத்திலேயே அது திறந்து, உறையை எறிந்து, 10 ரவை கொள்ளும் சுழல் மெகசினிலிருந்து அடுத்ததை ஏற்ற வேண்டும். பாயிண்ட் 22 ரவையின் தள்ளல் சிறிது. கொஞ்சம் பிசுக்கும் அதைத் தின்றுவிடும்.

துப்புரவுக்கு முதலில் மெகசினைக் கழற்றுங்கள். போல்ட்டை இழுத்து, ரவை உட்காரும் அறையைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். போல்ட்டை மூடி, சேஃப்டி பொத்தானை நடுவில் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் அது மரக்கட்டையில் இடிக்கும்; குழலும், போல்ட் ஓடும் பெட்டியும் வெளியே வராது. குழல் வளையம் இருந்தால் தளர்த்தி முன்னே தள்ளி, அடி ஸ்குரூவைக் கழற்றி, குழலையும் பெட்டியையும் கட்டையிலிருந்து தூக்குங்கள். இரண்டு குறுக்குப் பின்களைத் தள்ளினால் விசைத் தொகுதி கையோடு வரும். பின்புறத் தடுப்புப் பின்னையும் எடுத்து, போல்ட்டின் கைப்பிடியை முழுக்கப் பின்னிழுத்தபடி அதைத் தூக்கி எடுங்கள். ஸ்பிரிங் பறக்கும், விரலால் அமத்திப் பிடியுங்கள்.

போல்ட்டின் முகம், உறையைக் கவ்வும் கொக்கி, அதன் இடுக்கு: கரியும் ஈயமெழுகும் அடைவது இங்கேதான். பழைய பல்துலக்கி போதும். அறையை நன்றாகத் துலக்குங்கள். குழலைத் தேய்த்துத் தேய்த்து அழிக்க வேண்டாம். பெட்டியின் பின்சுவர் மூடியிருப்பதால் துப்புரவுக் கம்பியைக் குழலின் வாய்ப்பக்கமாகத்தான் விட முடியும். வாய்விளிம்பில் அது உரசினால் குறி கெடும், ஆகவே வழிகாட்டி மூடி போடுங்கள்.

மெல்லிய துவக்கு எண்ணெய் போல்ட்டின் வழுக்குமிடங்களில் ஒரு சொட்டு. அறைக்கும் ரவைக்கும் ஒன்றுமே வேண்டாம். விசைத் தொகுதியைத் திருப்பி மாட்டுமுன், அதிலுள்ள அடிக்கும் பாகமான சுத்தியலைப் பின்னே இழுத்துக் கொளுவுங்கள். மறந்தால் தொகுதி இருக்கையில் உட்காராது.

மழைக்குப் பின் குளிர்ந்த துவக்கை அடுப்படிச் சூட்டுக்குள் கொண்டுவந்தால் இரும்பு வியர்க்கும். துடைத்து, காற்றுப்பட விடுங்கள். துவக்குப் பைக்குள் மூடி வைத்தால் அங்கேயே துரு பூக்கும்.