நிலக்கரி போன இடத்தில் இன்னொரு நிலக்கரி: அப்பலாச்சியா பொருளாதாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் அப்பலாச்சியா மலைப் பிராந்தியத்தில், பழைய நிலக்கரி நாடான கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பகுதியில் பெரிய ஆலை ஒன்று வரப்போகிறது என்று செய்தி வந்தால், எத்தனை பேருக்கு வேலை என்ற எண்ணைத்தான் எல்லோரும் முதலில் தேடுகிறார்கள். அதைக் கடைசியில் பார்த்தால் போதும். போடுவது யார் பணம், ஆலை வராமலே போனால் நட்டம் யாருக்கு, வந்து மூடிவிட்டுப் போனால் ஊரில் என்ன மிஞ்சும், இதையெல்லாம் கேட்டுவிட்டு அப்புறம் எண்ணுக்கு வரலாம்.

2017இல் ஆஷ்லாந்து நகரத்துக்குப் பக்கத்தில் 130 கோடி டாலர் செலவில் அலுமினிய ஆலை கட்டப்போவதாக பிரெய்டி இண்டஸ்ட்ரீஸ் அறிவித்தது. 550 வேலை என்றார்கள். மாநில அரசே 1.5 கோடி டாலர் முதலீடு செய்தது, உள்ளூர் சமுதாயக் கல்லூரியில் அந்த ஆலையை நம்பி ஒரு படிப்பே தொடங்கினார்கள், ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஆலை எழும்பவே இல்லை. மாநிலம் 2022இல் தன் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. அந்தப் படிப்பில் போன வருடங்களை யார் திருப்பித் தருவார்கள்? அதே மாநிலத்தின் மோர்ஹெட் ஊரில் ஆப்ஹார்வெஸ்ட் 60 ஏக்கரில் கண்ணாடிக் கூடம் போட்டுத் தக்காளி வளர்த்தது. இது நிஜமாகவே நடந்தது, தக்காளி கடைக்கும் போனது. 2021இல் பங்குச்சந்தைக்கு வந்தார்கள், 2023 ஜூலையில் திவால் மனு கொடுத்தார்கள்.

தொழில் என்றால் சில தோற்கத்தான் செய்யும், அதில் அதிசயம் இல்லை. ஆனால் நிலக்கரி இருந்த இடத்தில் அதே அளவில் வேறொன்றைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட வேண்டும் என்ற நினைப்பு இருக்கிறதே, அதுதான் பெரிய தவறு, மற்ற தவறுகள் பலவும் அதிலிருந்துதான் கிளைக்கின்றன. ஒரே கம்பெனியின் சம்பளத்தை நம்பி ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் வாழ்ந்ததால் வந்த கஷ்டத்துக்கு, இன்னொரு ஒரே கம்பெனியை மருந்தாகத் தேடுகிறார்கள்.

நிலக்கரி வேலை எப்போது போனது

ஒபாமா காலச் சுற்றுச்சூழல் சட்டங்களால் போனது என்று ஒரு கட்சி, சூரியசக்தியால் போனது என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரும் ஐம்பது அறுபது வருடக் கதையை விட்டுவிடுகிறார்கள். மேற்கு வர்ஜீனியாவில் 1940களின் கடைசியில் 1.2 லட்சம் பேருக்கு மேல் சுரங்க வேலையில் இருந்தார்கள். 1960களில் அது 50 ஆயிரத்துக்கும் கீழே. நிலக்கரிக்குச் சந்தையே இல்லாமல் போகவில்லை, வெட்டுவதற்கு இயந்திரம் வந்தது. 1950இல் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் முதலாளிகளோடு போட்ட ஒப்பந்தத்தில், நல்ல கூலிக்கும் மருத்துவ நிதிக்கும் ஈடாக இயந்திரத்தை ஏற்றுக்கொண்டார். வேலையில் தொடர்ந்தவர்களுக்கு அது நல்ல ஒப்பந்தம். மற்றவர்கள் டெட்ராய்ட்டுக்கும் கிளீவ்லாந்துக்கும் மூட்டை கட்டினார்கள். அதற்கப்புறம் 1990இன் காற்று மாசுச் சட்டத் திருத்தம் கந்தகம் குறைந்த வயோமிங் நிலக்கரிக்குச் சாதகமானது, 2008க்குப் பிறகு ஷேல் எரிவாயு (பாறை அடுக்குகளைப் பிளந்து எடுப்பது) மலிவு விலையில் வந்து மின் நிலையங்களைப் பிடித்துக்கொண்டது. மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டியில் (கவுண்டி என்றால் மாநிலத்துக்குள் நம்மூர் மாவட்டம் மாதிரி ஒரு பிரிவு) 1950இல் கிட்டத்தட்ட 99 ஆயிரம் பேர், 2020இல் 19 ஆயிரம் சொச்சம். காரணத்தைத் தப்பாகப் பிடித்தால், சட்டத்தை மாற்றினால் வேலை திரும்பிவிடும் என்று தேர்தலுக்குத் தேர்தல் காத்திருக்க வேண்டியதுதான். அங்கே அதுதான் நடக்கிறது.

இன்னொரு தப்பு, சராசரியை நம்புவது. 1965இல் உருவான அப்பலாச்சியா பிராந்திய ஆணையத்தின் எல்லை 13 மாநிலங்களில் 423 கவுண்டிகள், சுமார் 2.6 கோடி மக்கள். நியூயார்க் மாநிலத்தின் தெற்கு ஓரத்தில் ஆரம்பித்து மிசிசிப்பியில் முடிகிறது. இதற்குள்தான் பிஎம்டபிள்யூ ஆலை இருக்கும் ஸ்பார்ட்டன்பர்க்கும், ஃபோக்ஸ்வாகன் இருக்கும் சட்டனூகாவும், ராக்கெட் நகரம் ஹண்ட்ஸ்வில்லும் வருகின்றன. 1960இல் மூன்றில் ஒருவர் வறுமையில் இருந்தார்கள், இப்போது அது பாதிக்கும் கீழே என்று சொன்னால் உண்மைதான், ஆனால் அந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு தெற்கு நகரங்களுடையது. ஆணையமே கவுண்டிகளை ஐந்து நிலைகளாகப் பிரித்து வருடா வருடம் பட்டியல் போடுகிறது. அதில் கடைசி நிலையில் இருப்பவை பெரும்பாலும் கிழக்கு கென்டக்கியையும் அதை ஒட்டிய பகுதிகளையும் சுற்றித்தான் குவிந்திருக்கின்றன. அப்பலாச்சியா வளர்கிறதா என்று யாராவது கேட்டால், எந்தக் கவுண்டி என்று திருப்பிக் கேளுங்கள்.

எல்லோரும் வெள்ளைக்காரர்கள், எல்லோரும் ஒரே மாதிரி

அப்பலாச்சியா என்றாலே வெள்ளையர் மட்டும்தான் என்று நினைக்கும் இந்தத் தவறு எனக்கு மற்றவற்றைவிட எரிச்சலூட்டுவது, ஏனென்றால் அங்கே போய்ப் பார்க்காதவர்கள் மட்டுமல்ல, திட்டம் போடுகிறவர்களும் செய்கிறார்கள். கென்டக்கியின் லிஞ்ச் ஊரை 1917 முதல் கட்டியது யு.எஸ். ஸ்டீலின் துணைக் கம்பெனி. ஹங்கேரி, இத்தாலி, போலந்திலிருந்து வந்தவர்கள் ஒரு பக்கம், அலபாமாவிலிருந்து ரயிலில் வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் ஒரு பக்கம் என்று ஊரே கலவையாக எழுந்தது (கலந்து வாழவிட்டார்களா என்றால் இல்லை, பள்ளியும் வீட்டு வரிசையும் தனித்தனிதான்). வேலை போய் ஊரைவிட்டுப் போன கறுப்பினக் குடும்பங்கள் ஈஸ்டர்ன் கென்டக்கி சோஷியல் கிளப் என்று ஒன்று அமைத்து, ஆண்டுதோறும் செப்டம்பரில் வரும் லேபர் டே விடுமுறைச் சமயத்தில் ஏதாவது ஒரு நகரத்தில் கூடும் வழக்கத்தை வைத்துக்கொண்டார்கள். மெக்டவல் கவுண்டியில் கிம்பல் என்ற சின்ன ஊரில், முதல் உலகப்போரில் சண்டையிட்ட கறுப்பின வீரர்களுக்காக 1928இல் ஒரு நினைவு மண்டபம் கட்டினார்கள், நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது. அதே கிம்பலில்தான் 2016 ஜனவரியில் வால்மார்ட் கடையை மூடியது. செய்தியாளர்கள் வால்மார்ட்டைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள், மண்டபத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இன்றைக்கும் அந்தப் பிராந்தியத்தில் சுமார் ஐந்தில் ஒருவர் வெள்ளையர் அல்லாதவர். ஜார்ஜியாவின் டால்ட்டன் நகரம் தரைவிரிப்புத் தொழிலுக்குப் பேர்போனது, அந்த ஆலைகள் ஓடுவதற்குப் பெரிய காரணம் 1990களிலிருந்து வந்து குடியேறிய லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள். நகரப் பள்ளிகளில் அவர்களுடைய பிள்ளைகள்தான் பெரும்பான்மை. 2018 ஏப்ரலில் கிழக்கு டென்னசியில் ஓர் இறைச்சி ஆலையில் குடியேற்றத் துறை 97 பேரைப் பிடித்துக்கொண்டு போனபோது, மறுநாள் பக்கத்துக் கவுண்டியின் பள்ளிகளில் 500க்கும் மேற்பட்ட மாணவர்கள் வரவில்லை. ஆள் குறைந்துகொண்டே போகும் கவுண்டிகளுக்கு நடுவே, வகுப்பறை நிரம்புகிற ஊர்களுக்கு யார் காரணம் என்று அன்றைக்குப் பலருக்கும் தெரிந்தது.

வட கரோலினாவில் செரோக்கி பழங்குடி கதை வேறு. 1997இல் திறந்த சூதாட்ட விடுதியின் லாபத்தில் பாதியை இனத்தின் உறுப்பினர்கள் எல்லோருக்கும் பங்கு பிரித்துக் கொடுக்கிறார்கள். அதற்கு முன்பிருந்தே அந்தப் பகுதிப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து வந்த டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பணம் வந்த பிறகு ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளின் நடத்தைப் பிரச்சினைகள் குறைந்ததைக் கண்டார்கள். சூதாட்டம் நல்லதா என்று சண்டை போடலாம். ஆனால் லாபம் ஊரிலேயே தங்கியது, அது நிலக்கரியில் நடக்கவில்லை. அப்புறம் மருத்துவர்கள்: அமெரிக்காவில் பயிற்சி முடித்த வெளிநாட்டு மருத்துவர்கள் இந்தக் கவுண்டிகளில் பணியாற்றினால் நாடு திரும்ப வேண்டியதில்லை என்று விசா விலக்குக்கு ஆணையமே பரிந்துரை செய்கிறது. சுரங்க ஊர் மருத்துவமனைகளில் இந்தியப் பெயர்ப்பலகைகள் தொங்குவதன் பின்னணியில் இதுவும் உண்டு. மருத்துவமனைகள்தான் இப்போது அங்கே பெரிய முதலாளி, மேற்கு வர்ஜீனியாவின் மிகப் பெரிய தனியார் முதலாளியே மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த மருத்துவமனைக் குழுமமான டபிள்யூவியூ மெடிசின்தான்.

நிலம் யாருடையது

வேலை, பயிற்சி, சாலை என்று பேசுவார்கள், நிலத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். 1981இல் ஊர்க்காரர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து ஆறு மாநிலங்களில் 80 கவுண்டிகளின் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, நிலமும் கனிம உரிமையும் பெருமளவில் வெளியூர் கம்பெனிகளிடம் இருந்தன, அவர்கள் கட்டிய வரியோ சொற்பம். வரி வராத கவுண்டியில் பள்ளிக்கூடம் எப்படி நடக்கும்? கென்டக்கியில் மேல்மண் உங்களுடையது, அடியில் இருப்பது கம்பெனியுடையது, அதை எடுக்க உங்கள் தோட்டத்தையே புரட்டலாம் என்கிற பழைய பத்திரங்களுக்குக் கடிவாளம் போட 1988இல் அரசியல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. இந்த வரலாற்றை விட்டுவிட்டு "அந்த ஜனங்களுக்குத் தொழில் முனையும் புத்தி இல்லை" என்பவர்கள், கடை வைக்க ஒரு சென்ட் சமநிலம் விற்பனைக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

சமநிலம் இல்லையே என்று மலையுச்சியை வெட்டிக் கரி எடுத்த இடங்களில் கட்டலாம் என்ற யோசனையிலும் கவனம் வேண்டும். கிழக்கு கென்டக்கியின் மார்ட்டின் கவுண்டியில் இருக்கும் ஐனெஸ் ஊருக்கு 1964இல் ஜனாதிபதி ஜான்சன் போய், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வறுமை ஒழிப்பைப் பற்றிப் பேசினார். அந்தக் கவுண்டிக்குக் கடைசியில் கிடைத்த பெரிய திட்டம் 2003இல் திறந்த மத்திய அரசின் சிறை, பழைய சுரங்க நிலத்தின்மேல். கட்டும்போதே தரை இறங்கியதால் செலவு ஏறியது. 2022 ஜூலை வெள்ளத்தில் கிழக்கு கென்டக்கியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, ஆற்றோரத்துக் குடும்பங்களுக்கு இதே மாதிரி மேட்டு நிலங்களில் வீடு கட்டுகிறார்கள். அது தேவையான வேலை. மண் நன்றாக இறுகியிருக்கிறதா என்று பார்த்துக் கட்டினால் சரி.

பயிற்சி விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுரங்கக்காரர்களுக்கு கோடிங் கற்றுக்கொடுத்தால் தீர்ந்தது என்று ஒரு காலத்தில் பேசினார்கள். கிழக்கு கென்டக்கியின் பைக்வில்லில் பிட் சோர்ஸ் என்ற நிறுவனம் அதைச் செய்துகாட்டியது, நன்றாகவும் செய்தது. ஆனால் விண்ணப்பித்தவர்கள் 900க்கும் மேல், எடுத்துக்கொண்டது பத்துப் பேர் அளவில். கற்றுக்கொள்ள மனிதர்கள் தயாராக இருந்தார்கள், வேலைதான் இல்லை. சுற்றுலாவும் இப்படித்தான்: ஹாட்ஃபீல்ட்-மெக்காய் என்ற மலைக்காட்டு வண்டித் தடங்களால் மேற்கு வர்ஜீனியாவின் தெற்குப் பகுதியில் செத்துக்கிடந்த ஊர்களில் தங்கும் விடுதிகள் வந்தன, நல்லது, ஆனால் வட கரோலினாவின் சுற்றுலா நகரமான ஆஷ்வில்லில் வீட்டு வாடகை ஏறி, சமையல்காரரும் பரிமாறுபவரும் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டார்கள், பிறகு 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்து இலையுதிர்கால வருமானத்தையே அடித்துக்கொண்டு போனது.

சரி, எதுதான் நடந்திருக்கிறது? ஓஹையோவின் ஏதன்ஸில் ஏசிஇநெட் என்ற அமைப்பு 1996இல் ஒரு பொதுச் சமையல்கூடம் திறந்தது. ஊறுகாயோ சாஸோ செய்து விற்க நினைக்கிறவர், சொந்தமாகப் பாய்லர் வாங்காமல், மணிக்கணக்கில் வாடகை கொடுத்து அங்கே செய்துகொள்ளலாம். மேற்கு வர்ஜீனியாவின் கோல்ஃபீல்டு டெவலப்மெண்ட் என்ற அமைப்பு ஆட்களை வேலைக்கு எடுத்து வாரத்தில் 33 மணி வேலை, 6 மணி கல்லூரிப் பாடம், 3 மணி சொந்த வாழ்க்கையைச் சரிசெய்யும் வழிகாட்டல் என்று பிரித்துக் கொடுக்கிறது. ஓஹையோவில் மூடிய சுரங்கத்திலிருந்து ஓடையில் கலக்கும் இரும்புக் கழிவைப் பிரித்தெடுத்து ஓவிய வண்ணமாக விற்கிறார்கள், ஓடையும் சுத்தமாகிறது. எதுவும் தலைப்புச் செய்தியில் வராத அளவு. அதில் ஒன்று மூடினாலும் கவுண்டியே மூடாது.

பணம் இல்லாமலும் இல்லை. 2021 உள்கட்டமைப்புச் சட்டம் கைவிடப்பட்ட சுரங்க நிலங்களைச் சீர்படுத்த மட்டும் 1,130 கோடி டாலர் ஒதுக்கியது. சிக்கல் வேறு இடத்தில். ஆணையத்தின் உதவி பொதுவாகத் திட்டச் செலவில் பாதிவரைதான், மிக நலிந்த கவுண்டிகளுக்கு 80 சதவீதம்வரை. மிச்சத்தை உள்ளூரில் திரட்ட வேண்டும். நிலக்கரி வரி வற்றிப்போன கவுண்டியில் அந்த 20 சதவீதத்துக்கும் வழியில்லை, பல சமயம் விண்ணப்பத்தை எழுதி, கணக்கு ஒப்படைக்க ஒரு முழுநேர ஆளும் இல்லை. அதனால் விண்ணப்பம் நன்றாக எழுதத் தெரிந்த கவுண்டிக்கே திரும்பத் திரும்பப் பணம் போகிறது. நன்கொடை கொடுக்கும் எண்ணம் உள்ள அறக்கட்டளைகள் புதுக் கட்டடத்துக்குப் பெயர் வைப்பதற்கு முன்னால், அந்த ஒரு ஆளின் சம்பளத்தை மூன்று வருடம் கொடுத்துப் பார்க்கலாம்.