மீன்பிடி விதி வகுக்கும் முன்: இராமநாதபுரம் கரையில் சமூக ஆய்வு நடத்தும் முறை

1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்துக்கு வந்த காலத்திலிருந்தே இந்தக் கரையின் மீன்கள் எண்ணப்பட்டும் எடையிடப்பட்டும் வருகின்றன. எந்த மீன் எந்த மாதத்தில் சினையாகிறது, வலையின் எந்தக் கண்ணி அளவில் குஞ்சு சிக்குகிறது என்பவற்றுக்கெல்லாம் பதிவேடு உண்டு. ஆனால் டீசல் காசுகூடத் தேறாது என்று தெரிந்தும் ஒருவர் தம் விசைப்படகை ஏன் கடலுக்கு அனுப்புகிறார் என்ற கேள்விக்கு அந்தப் பதிவேட்டில் விடை கிடைக்காது. அந்த விடையைத் தேடிக் கரைக்குச் செல்லும் மீன்வளத் துறை அலுவலர், தொண்டு நிறுவனப் பணியாளர், ஆய்வு மாணவர் ஆகியோருக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன்.

இதன் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பாக் நீரிணையில் இழுவைமடிப் படகுகளை (பை போன்ற மடிவலையைக் கடலடியில் இழுத்துச் செல்லும் விசைப்படகுகளை) குறைக்கும் நோக்கில் 2017இல் ஆழ்கடல் மீன்பிடித் திட்டம் தொடங்கப்பட்டது. ஒரு படகின் மதிப்பு 80 லட்சம் ரூபாய்; அதில் பாதியை மத்திய அரசும், 20 விழுக்காட்டை மாநில அரசும் மானியமாகத் தர, 20 விழுக்காடு வங்கிக் கடனாகவும் 10 விழுக்காடு பயனாளியின் பங்காகவும் அமைந்தன. மூன்றாண்டுகளில் 2,000 படகுகள் என்பது இலக்கு, அது எட்டப்படவில்லை. இன்று போய் நாளைக் காலையில் திரும்பிப் பழகிய ஆட்கள் வாரக்கணக்கில் கடலில் தங்குவார்களா, இறால், நண்டு, கணவாய் வாங்கும் வியாபாரி ஆழ்கடல் மீனான சூரையை வாங்குவாரா, பழைய கடனை அடைக்காமல் பழைய படகைக் கைவிட முடியுமா என்பவை மீன் உயிரியலுக்கு வெளியே நிற்கும் கேள்விகள். அவற்றுக்கு விடை தெரிந்த பிறகே படகின் நீளத்தைத் தீர்மானித்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதல் வேலை, யாரைப் பற்றி ஆராய்கிறோம் என்பதை வரையறுப்பது. ‘மீனவர்’ என்ற ஒற்றைச் சொல் இங்கே போதாது. பாம்பனிலும் மண்டபத்திலும் வடகடல் வேறு, தென்கடல் வேறு. முன்னது பாக் நீரிணை, பின்னது மன்னார் வளைகுடா. காற்றும் நீரோட்டமும் தொழிலும் இரண்டிலும் வேறுபடும். ஒரே ஊரிலேயே விசைப்படகு உரிமையாளர், அவரிடம் பங்குக்குப் போகும் ஆள், நாட்டுப்படகுக்காரர், கரைவலை இழுப்பவர், நண்டு வலை போடுபவர், கடற்பாசி எடுக்கும் பெண், கருவாடு காயவைத்து விற்பவர், ஏலம் எடுக்கும் வியாபாரி என்று பலர் இருப்பார்கள். ஒரே விதி இவர்களில் ஒருவருக்கு வரமாகவும் மற்றொருவருக்கு இழப்பாகவும் முடியக்கூடும். ஆகவே ஒவ்வொரு பிரிவிலிருந்தும் தனித்தனியாக ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சங்கத் தலைவரிடம் மட்டும் பேசிவிட்டு ஊரின் கருத்து என்று எழுதுவது கூடாது.

அடுத்தது நாள் பார்ப்பது. நல்ல நாளைச் சொல்லவில்லை, ஆட்கள் கரையில் இருக்கும் நாளைச் சொல்கிறேன். இராமேசுவரம் பகுதியில் விசைப்படகுகள் வாரத்தில் திங்கள், புதன், சனி ஆகிய மூன்று நாட்களிலும், நாட்டுப்படகுகள் மற்ற நான்கு நாட்களிலும் கடலுக்குச் செல்வது நெடுநாளைய ஏற்பாடு. இதை அறியாமல் ஒரு சனிக்கிழமை மாலையில் கூட்டம் போட்டு, விசைப்படகு ஆட்களுக்குப் பதில் மூன்று முதியவர்களையும் ஒரு தேநீர்க் கடைக்காரரையும் சந்தித்துத் திரும்பியவன் நான். கீழக்கரை, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் வெள்ளி நண்பகலையும், தங்கச்சிமடத்தில் ஞாயிறு காலையையும் தவிர்ப்பது நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் தடைக்காலத்தில் உரிமையாளர்கள் படகைப் பழுதுபார்த்துக்கொண்டு கரையில் இருப்பதால் எளிதில் பேசலாம். ஆனால் ஆட்களில் பலர் வேறு கூலி வேலைக்குப் போயிருப்பார்கள் என்பதால், அந்த இரண்டு மாதங்களில் மட்டும் எடுக்கும் கணக்கு உரிமையாளரின் கணக்காகவே முடியும்.

பணத்தைப் பற்றிக் கேட்பதுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி, கடினமானதும் அதுவே. ‘உங்கள் மாத வருமானம் எவ்வளவு?’ என்ற கேள்வியை நீக்கிவிடுங்கள், ஏனெனில் மீன்பாட்டுக்கு, அதாவது வலையில் கிடைக்கும் மீனுக்கு, மாதக் கணக்கு இல்லை. கடைசியாகப் போன தொழிலில் (ஒருமுறை கடலுக்குப் போய்வருவதை இங்கே தொழில் என்பார்கள்) கைக்கு வந்தது எவ்வளவு, அதற்கு முந்தைய தொழிலில் எவ்வளவு என்று மூன்று தொழில்கள் பின்னோக்கிக் கேட்டால் நம்பத்தக்க எண்கள் வரும். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சுவது படகுக்கும் ஆட்களுக்கும் பங்காகப் பிரிக்கப்படும். விகிதம் படகுத்துறைக்குப் படகுத்துறை மாறும் என்பதால் ஊகித்து எழுதாமல் ஒவ்வொரு துறையிலும் கேட்டு எழுத வேண்டும். பின்பு முன்பணத்துக்கு வாருங்கள். வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய உரிமையாளர் மீனை அவரிடமே போட வேண்டியிருக்கும். உரிமையாளரிடம் முன்பணம் வாங்கிய ஆள் அதைத் திருப்பாமல் வேறு படகுக்கு மாறுவது எளிதன்று. இந்தச் சங்கிலியை வரைந்து பார்த்தால்தான், தொழில் நாட்களைக் குறைக்கும் விதி எங்கே போய் இடிக்கும் என்பது விளங்கும்: நாள் குறைந்தாலும் கடன் குறைவதில்லை, ஆகவே மிஞ்சிய நாட்களில் கண்ணியைச் சுருக்கவும், மடியைக் கூடுதல் நேரம் இழுக்கவும், கரையை ஒட்டி வரவும் நெருக்குதல் பிறக்கிறது. 1983ஆம் ஆண்டுச் சட்டம் நாட்டுப்படகுகளுக்கென ஒதுக்கிய கரையோரக் கடலுக்குள் விசைப்படகு நுழைவதைப் பேராசை என்று மட்டும் எழுதிவிட்டால், தண்டத்தொகையை உயர்த்துவது தவிர வேறு வழி தோன்றாது. இந்தப் பேச்சை ஏலக்கூடத்திலோ வியாபாரியின் முன்னிலையிலோ வைத்துக்கொள்ளக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அரசு விதிகளைப் போலவே ஊர் விதிகளையும் தொகுக்க வேண்டும்: யார் வகுத்தது, மீறினால் யார் கேட்பது, தண்டம் எங்கே போகிறது. பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே அதைக் காக்கும் விதிகளை வகுத்துக்கொள்ள முடியும் என்று காட்டியதற்காக அமெரிக்க ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அதற்குச் சான்று தேடி வெகுதொலைவு போக வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின், பாசி எடுக்கும் பெண்களின் தொழிலிடமே சட்டச் சிக்கலுக்கு உள்ளானது. அவர்களோ, பாறையைச் சுரண்டும் உலோகக் கருவிகளை விலக்கவும், மாதத்தில் 12 நாட்கள் மட்டும் பாசி எடுக்கவும் தாங்களே முடிவு செய்தார்கள். பெண்கள் ஊர்க்கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்திருப்பதைக் கண்டு அவர்களுக்குக் கருத்தில்லை என்று எண்ணுபவர்கள், அவர்களின் குழுக்கூட்டத்துக்கு ஒருமுறை போய்வர வேண்டும். அங்கே கேள்வி கேட்பவரும் பெண்ணாக இருப்பது நலம்.

எதை எழுதக் கூடாது என்பதிலும் தெளிவு வேண்டும். இலங்கைக் கடல் எல்லை தாண்டியதையும், இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் தடை செய்யப்பட்ட இரட்டைமடியையும், 2001 முதல் பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டையையும் பற்றி மக்கள் பேச்சுவாக்கில் சொல்வார்கள். பேசியவரின் பெயர், படகின் பதிவெண், தொழில் செய்த இடத்தின் ஆயத்தொலைவு ஆகியவற்றை அந்தக் குறிப்போடு சேர்த்து வைத்தால், உங்கள் நோட்டுப் புத்தகமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். ஆய்வைத் தொடங்கும்போதே இதைச் சொல்லி வாக்குக் கொடுங்கள்.

கடைசியாக, முன்மொழியப்படும் ஒவ்வொரு விதிக்கும் ஒரு தாள் தயாரிக்க வேண்டும்: அந்த விதியால் எந்தப் பிரிவினர் எந்த மாதத்தில் எவ்வளவு இழப்பர், யாருக்கு மீன் கூடும், நிவாரணம் உரிமையாளரோடு நின்றுவிடுமா, பங்குக்குப் போகும் ஆளுக்கும் போகுமா என்று. அறிக்கை சென்னைக்குப் போகுமுன் அந்தத் தாளை ஊரிலேயே தமிழில் படித்துக் காட்டி, மறுப்புகளை மறுத்தவரின் சொற்களிலேயே அருகில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் கூட்டத்தை ஒரு முறை விசைப்படகு கரையில் நிற்கும் நாளிலும், மறுமுறை நாட்டுப்படகு கரையில் நிற்கும் நாளிலும் நடத்துங்கள்.