நோட் செயலியைக் கிளவுடில் ஏற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோட்.ஜேஎஸ் கொண்டு எழுதிய வலைச் செயலியை முதன்முறையாகக் கிளவுடில் ஏற்றுபவர்களுக்குத் துணையாக இருக்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. இத்துறைக்கு முன்பே வந்த நாங்கள் விழுந்து எழுந்த அதே பள்ளங்களில் அவர்களும் விழுவதைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன். விடுபட்ட அடைப்புக்குறி, தவறாக அடித்த மாறிப்பெயர் போன்றவற்றைச் செயலியின் இயக்கப் பதிவான லாக்கே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை.

## போர்ட் எண்ணை நிரலிலேயே எழுதிவிடுவது

செயலி எந்தப் போர்ட்டில் (கோரிக்கைகள் வந்துசேரும் எண்ணிட்ட வாயில்) இயங்க வேண்டும் என்பதை ஹெரோக்கு போன்ற கிளவுட் தளங்களே முடிவு செய்து, அதை ஒரு சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியே வைக்கும் அமைப்பு மதிப்பு) வைத்துத் தருகின்றன. அதைப் படிக்காமல் 3000 என்று எழுதிவைத்தால், 60 விநாடி காத்திருந்துவிட்டு ஆர்10 என்ற பிழையுடன் ஹெரோக்கு செயலியை நிறுத்திவிடும். லோக்கல்ஹோஸ்ட், அதாவது அதே கணினியை மட்டும் குறிக்கும் முகவரியோடு சர்வரைப் பிணைத்தாலும் வெளியிலிருந்து வரும் கோரிக்கை அதை எட்டாது, 0.0.0.0 என்ற முகவரியைக் கொடுக்க வேண்டும்.

## சர்வரின் வட்டை நம்பிக் கோப்புகளைச் சேமிப்பது

மற்ற தவறுகளில் பல ஏற்றிய சில நிமிடங்களிலேயே வெளிப்பட்டுவிடும். இது அப்படியல்ல, எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டிவிட்டு, பயனர்களின் தரவை அழித்த பிறகே தெரியவரும். இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்.

அண்மையில் ஓர் இளைஞர், உறுப்பினர்கள் தங்கள் புகைப்படத்தை ஏற்றும் வசதியுள்ள செயலி ஒன்றை வெளியிட்டார். கோப்பு ஏற்றத்தைக் கையாளும் மல்டர் நிரலகத்தைக் கொண்டு படங்களை 'அப்லோட்ஸ்' என்ற கோப்புறையில் சேமித்திருந்தார். பகல் முழுவதும் படங்கள் தெரிந்தன; மறுநாள் காலையில் ஒவ்வொரு பெயருக்கு அருகிலும் உடைந்த படக்குறி மட்டுமே இருந்தது. தரவுத்தளத்தில் கோப்பின் பாதை அப்படியே இருந்ததால், அவர் முதலில் உலாவியின் தற்காலிகச் சேமிப்பான கேஷைச் சந்தேகித்தார், பிறகு மல்டரைச் சந்தேகித்தார். லாக்கைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்தபோதுதான் இரவில் செயலி மறுதொடக்கம் செய்யப்பட்டிருந்தது தெரிந்தது. அந்தப் படங்களை மீட்க வழியே இருக்கவில்லை.

ஹெரோக்குவில் செயலி இயங்கும் டைனோ என்ற கொள்கலன் ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாளுக்கு ஒரு முறையாவது மறுதொடக்கம் ஆகும். புதிய பதிப்பை ஏற்றும்போதும் அமைப்பு மதிப்புகளை மாற்றும்போதும்கூட அப்படித்தான். ஒவ்வொரு முறையும் நீங்கள் கடைசியாக ஏற்றிய நிரலிலிருந்து புத்தம்புதிய வட்டு உருவாகிறது. இடையில் செயலி எழுதியவை எதுவும் அதில் இராது. எஸ்கியூலைட் தரவுத்தளம் ஒரு கோப்பு என்பதால் அதுவும் இதே வழியில் போய்விடும். எக்ஸ்பிரஸ் என்ற நோட் கட்டமைப்பின் செஷன்களை, அதாவது யார் உள்நுழைந்திருக்கிறார் என்ற பதிவுகளை, இயல்பான நினைவகச் சேமிப்பிலேயே விட்டுவைத்தால், மறுதொடக்கத்தின்போது எல்லோரும் வெளியேற்றப்படுவார்கள். செயலியின் இரண்டு பிரதிகளை இயக்கினாலோ, ஒன்றில் ஏற்றிய படம் மற்றொன்றுக்குத் தெரியாது.

படங்களை அமேசான் எஸ்3 போன்ற பொருள் சேமிப்பகத்திலும் (கோப்புகளுக்கான தனிச் சேமிப்புச் சேவை), தரவைத் தனியே இயங்கும் போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்திலும், செஷன்களை ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளத்திலும் வைப்பதே சரியான முறை. ரெண்டர் போன்ற தளங்களில் கட்டணம் செலுத்தி நிலையான வட்டை இணைக்கலாம். ஆனால் அதன்பின் அந்தச் செயலியை ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளாக இயக்க இயலாது என்பதால், பெரும்பாலோருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

வெளியிடும் முன் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள்: ஒரு படத்தை ஏற்றி, செயலியை நீங்களே மறுதொடக்கம் செய்து, அந்தப் படம் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சிப் பாடங்கள் பலவும் கோப்புறையில் சேமிப்பதோடு முடிந்துவிடுகின்றன. இந்தச் சோதனையை அவற்றில் நான் அரிதாகவே காண்கிறேன்.

## நோட் மாட்யூல்ஸ் கோப்புறையைக் கிட்டில் சேர்ப்பது

நிறுவிய நிரலகங்கள் இருக்கும் இந்தக் கோப்புறையைக் கிட்டில் (நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) சேர்க்காதீர்கள், அவற்றின் பதிப்புகளைக் குறித்துவைக்கும் பேக்கேஜ் லாக் கோப்பு போதும்.

## கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலப்பது

விண்டோஸும் மேக்கும் இயல்பில் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை, லினக்ஸ் பொருட்படுத்தும். உங்கள் கணினியில் ஓடிய செயலி சர்வரில் 'மாட்யூலைக் காணவில்லை' என்று நின்றால் முதலில் இதைப் பாருங்கள். பெயரை மாற்றும்போது கிட்டின் எம்வி கட்டளையையே பயன்படுத்துங்கள், இல்லையேல் அந்த மாற்றத்தைக் கிட் கவனிக்காமலே போகக்கூடும்.

## ரகசியச் சாவியைக் கிட்டில் ஏற்றிவிட்டு, பிறகு அழிப்பது

ரகசியச் சாவிகளை வைக்கும் என்வ் கோப்பை அடுத்த கமிட்டில் (கிட்டில் பதியும் மாற்றத்தில்) நீக்கினாலும் முந்தைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். களஞ்சியம் பொதுவில் இருந்தால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். கமிட் வரலாற்றைத் துடைக்கும் வழியைத் தேடிக்கொண்டிருக்காமல், முதலில் அந்தச் சாவியை முடக்கிப் புதியதை உருவாக்குங்கள். புதிய சாவியைத் தளத்தின் அமைப்புப் பக்கத்தில் சூழல் மாறியாகச் சேர்த்துவிட்டு, என்வ் கோப்பின் பெயரைக் கிட் தவிர்க்க வேண்டியவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோர் கோப்பில் எழுதிவிடுங்கள்.