அது யார் சொன்ன வசனம்? ஆங்கிலத் துன்பியல் நாடகப் பெண்களைப் பற்றி எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகள்

“பெண்ணே, பலவீனம் என்பது உன் பெயர்” என்று ஷேக்ஸ்பியர் கூறியிருக்கிறார் எனத் தொடங்கும் கட்டுரையை மேற்கொண்டு படிக்க எனக்குக் கை வராது. கூறியவர் ஷேக்ஸ்பியர் அல்லர், அவருடைய நாடகத்தின் நாயகன் ஹாம்லெட். தந்தை இறந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் தாய் அவருடைய தம்பியை மணந்துவிட்டாள். அந்தக் கொதிப்பில் ஓர் இளைஞன் தனியே நின்று புலம்புகிறான். அதை நாடகாசிரியரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதன் வயிற்றில் பிறந்தவை.

‘மக்பெத்’ நாடகத்தில், அரசனைக் கொல்லக் கணவன் மக்பெத்தைத் தூண்டும் லேடி மக்பெத்தை வெறும் அரக்கியாக வரைவதைப் பாருங்கள். என் பெண்மையைப் பறித்துவிடுங்கள் என்று அவள் ஆவிகளை அழைக்கும் வசனத்தை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். பறிக்கச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது என்றால், அது அவளிடம் இருந்தது என்றுதானே பொருள்? கொலை நடக்கும் இரவில் காவலர்களின் பானத்தில் மயக்க மருந்தைக் கலந்து, குத்துவாள்களை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். அப்போது அவள் வாயிலிருந்து ஒரு வரி நழுவுகிறது: உறங்கும் அரசனின் முகம் என் தந்தையைப் போல இல்லாதிருந்தால் நானே முடித்திருப்பேன். தன் நண்பன் பாங்கோவைக் கொல்ல மக்பெத் ஆளனுப்பும்போது அவளிடம் விவரம் சொல்வதில்லை. கொஞ்சிப் பேசி மழுப்பிவிடுகிறான். மக்பெத்தை எதிர்க்கும் ஃபைஃப் பிரபு மக்டஃபின் மனைவி மக்கள் வெட்டப்பட்டதிலும் அவளுக்குப் பங்கிருப்பதாக நாடகம் காட்டவில்லை. ஆனால் ஐந்தாம் அங்கத்தில் தூக்கத்தில் நடந்துகொண்டே, ஃபைஃப் பிரபுவுக்கு ஒரு மனைவி இருந்தாளே, இப்போது எங்கே அவள் என்று கேட்கிறவள் இவள்தான். இந்த இரண்டு வரிகளையும் விட்டுவிட்டு இவளைப் பற்றி எழுதவே கூடாது என்பேன்.

‘ஒத்தெல்லோ’ நாடகத்தின் முடிவில் கணவன் ஒத்தெல்லோவின் கையால் சாகும் டெஸ்டிமோனாவை ‘பாவம், வாயில்லாப் பூச்சி’ ஆக்குகிறவர்கள் நாடகத்தைக் கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கிப் படிக்கிறார்கள். முதல் அங்கத்திலேயே வெனிஸ் ஆட்சி மன்றத்தின் நடுவில், தந்தையின் முகத்துக்கு எதிரே நின்று, என் தாய் தன் தந்தையைவிட உங்களைப் பெரிதாகக் கொண்டதுபோல நானும் ஒத்தெல்லோவைக் கொள்கிறேன் என்கிறாள். போர் நடக்கவிருக்கும் சைப்ரஸுக்குத் தானும் போவேன் என்று கேட்டுப் பெறுகிறாள்.

அவளுடைய தோழி எமிலியா விஷயத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மனைவியருக்கும் கணவர்களைப் போலவே புலன்களும் ஆசைகளும் உண்டு என்று அவள் நான்காம் அங்கத்தின் முடிவில் பேசும் புகழ்பெற்ற பகுதி நாடகத்தின் 1622 பதிப்பில் இல்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களின் 1623 ஃபோலியோ தொகுப்பில்தான் இருக்கிறது. எந்தப் பதிப்பைப் படிக்கிறோம் என்று பார்க்காமல் எழுதினால் மாட்டிக்கொள்வோம். ஒத்தெல்லோவின் சந்தேகத்தை வளர்த்த டெஸ்டிமோனாவின் கைக்குட்டையை எடுத்து, சூழ்ச்சிக்காரனான தன் கணவன் இயாகோவிடம் கொடுத்தவளும் எமிலியாதான் என்பதை மறைத்து, அவளை மாசற்ற புரட்சிக்காரியாக்குவதும் பிழை.

இன்னொரு வாதமும் அடிக்கடி வரும்: 1660 வரை லண்டன் தொழில்முறை அரங்கில் பெண் வேடங்களைச் சிறுவர்களே ஏற்றார்கள், ஆகவே அந்தப் பாத்திரங்கள் வலுவற்றவை. முன்பாதி சரி, பின்பாதி தொடராது. ‘ஆன்டனியும் கிளியோபாட்ராவும்’ நாடகத்தில் ரோமிடம் தோற்றுப்போன எகிப்து அரசி கிளியோபாட்ரா, ரோம் மேடையில் யாரோ ஒரு கீச்சுக்குரல் பையன் என்னைப் போல நடித்துக் கேவலப்படுத்துவானே என்று குமுறுகிறாள். அந்த வசனத்தைப் பேசியவனே ஒரு பையன்தான்! ஷேக்ஸ்பியருக்கு அவன்மீது எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்.

ஷேக்ஸ்பியரோடு நின்றுவிடுவதும் ஒரு குறை. ஜான் வெப்ஸ்டர் ஏறத்தாழ 1613இல் எழுதிய ‘மால்ஃபியின் டச்சஸ்’ நாடகத்தின் நாயகியான டச்சஸ், அதாவது உயர்குடிச் சீமாட்டி, ஒரு விதவை. தன் மாளிகைக் காரியக்காரனையே ரகசியமாக மணக்கிறாள். சகோதரர்கள் அதைப் பொறுக்காமல் அவளைச் சிறைவைத்து வதைக்கிறார்கள். “நான் இன்னமும் மால்ஃபியின் டச்சஸ்தான்” என்ற அவளுடைய வாக்கியத்தோடு கட்டுரைகள் முடிந்துவிடும். அதே காட்சியில் சற்றுத் தள்ளிப் படியுங்கள். கழுத்தை நெரிக்கக் கயிற்றோடு ஆட்கள் நிற்கிறார்கள். அவள் தோழியைப் பார்த்துச் சொல்கிறாள்: பையனுக்குச் சளி பிடித்திருக்கிறது, மறக்காமல் கொஞ்சம் சிரப் கொடு, பெண் தூங்கும் முன் ஜெபம் சொல்லட்டும்.