அனிமே ப்ளூ-ரே வாங்கும்முன் பின்னட்டையைப் படியுங்கள்

முதலில் ரீஜன், அதாவது டிஸ்க் எந்தப் பகுதி நாடுகளின் ப்ளேயரில் ஓடும் என்று காட்டும் குறியீடு. ப்ளூ-ரேயில் ஜப்பானும் அமெரிக்காவும் ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. சி மட்டும் படிக்கும் ப்ளேயரில் ஏ என்று பூட்டிய டிஸ்க் ஓடாது. டிவிடியில் கணக்கே வேறு: ஜப்பான் 2, அமெரிக்கா 1, இந்தியா 5.

அடுத்து எபிசோடுகளை எண்ணுங்கள். ஜப்பானில் தனித்தனி தொகுதியாக வந்தால் ஒன்றில் பெரும்பாலும் 2 எபிசோடுதான். 12 எபிசோடு தொடருக்கு 6 தொகுதி வாங்க வேண்டும். செலவு அதிகம், அதனால் அவசரமில்லை என்றால் பின்னால் வரும் பாக்ஸ் செட்டுக்குக் காத்திருப்பதே நல்லது. ஆனால் முதல் பதிப்போடு தரும் கையேடு அதில் இல்லாமல் போகலாம். அமெரிக்கப் பதிப்பில் இப்போது முழு சீசனும் பெரும்பாலும் ஒரே பெட்டியில் கிடைக்கிறது.

ஜப்பானியப் பதிப்பு பலவற்றில் ஆங்கில சப்டைட்டில் கிடையாது.

அட்டையைச் சுற்றிய தாள் பட்டைக்குப் பெயர் ஓபி. கிழிக்காமல் மெல்ல உருவுங்கள். மடிப்பில்தான் முதலில் கிழியும். அது போனால் மறுவிற்பனை விலை குறையும்.