புதிய நாட்டில் மருத்துவரிடம் பதிவு செய்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேறொரு நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் முதல் சில வாரங்களில் வீடு, வங்கிக் கணக்கு, கைப்பேசி எண், பிள்ளைகளுக்குப் பள்ளி என்று அலைந்துகொண்டிருப்பார்கள். மருத்துவரிடம் பதிவு செய்வதை மட்டும், உடம்புக்கு ஏதாவது வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிடுவார்கள். பிற தவறுகளில் பாதி இந்தத் தள்ளிவைப்பிலிருந்தே கிளைக்கின்றன. பிரிட்டன், நெதர்லாந்து, நார்வே போன்ற நாடுகளின் பொது மருத்துவ அமைப்பில், அவசர நிலையையும் சில விலக்குகளையும் தவிர, சிறப்பு மருத்துவரை நோயாளி நேரடியாகச் சென்று பார்க்க முடியாது. குடும்ப மருத்துவர் பரிசோதித்து, தேவை என்று கருதினால் தரும் பரிந்துரைக் கடிதத்தின் வழியாகத்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும். பதிவு செய்யாதவர் அந்த வரிசையில் நிற்கவே தொடங்கியிருக்க மாட்டார்.

காப்பீடு எடுத்துவிட்டால் மருத்துவரும் கிடைத்துவிட்டார் என்று எண்ணுவது அடுத்த தவறு. நெதர்லாந்தில் குடியேறுபவர், காப்பீட்டுக் கடமை தொடங்கிய நாளிலிருந்து 4 மாதங்களுக்குள் அடிப்படை மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். ஆனால், குடும்ப மருத்துவரைத் தேடிப் பதிவு செய்வது அதற்கு அப்பாற்பட்ட தனி வேலை. நார்வேயில் மருத்துவர் ஒதுக்கப்பட்ட பிறகும் ஆண்டுக்கு 2 முறை வரை மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவிலோ நாடு தழுவிய பதிவு முறையே கிடையாது. உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் பட்டியலில் அந்த மருத்துவர் இருக்கிறாரா என்று முன்கூட்டியே பார்க்காவிட்டால், பின்னர் வரும் கட்டணச் சீட்டு மலைக்க வைக்கும். ஆகவே, ஒரு நாட்டில் வாழும் உறவினர் தம் அனுபவத்தைக் கொண்டு சொல்லும் அறிவுரையை இன்னொரு நாட்டில் அப்படியே பின்பற்றுவது ஆபத்தானது.

ஆவணம் முழுமையாக இல்லை என்பதால் போகாமலே இருந்துவிடுபவர்களும் உண்டு. இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்ய முகவரிச் சான்றோ, அடையாள அட்டையோ, குடியேற்ற ஆவணமோ கட்டாயமில்லை. வரவேற்பு மேசையில் இருப்பவர் கேட்கலாம், ஆனால் அவை இல்லை என்ற காரணத்துக்காகவே பதிவை மறுக்கக் கூடாது. இடமில்லை என்று ஒரு மருத்துவமனை சொன்னால், மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேட்டுவிட்டு அடுத்ததை அணுகுவதே முறை.

இவற்றைவிடப் பெரிய தவறு, பதிவை வெறும் படிவம் நிரப்பும் வேலையாகப் பார்ப்பது. உண்மையில் அங்கே நடப்பது உங்கள் உடல்நல வரலாறு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுவது. பழைய மருத்துவரிடமிருந்து நோய் விவரம், செய்துகொண்ட அறுவைச் சிகிச்சைகள், ஒவ்வாமை, அண்மைய பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றைச் சுருக்கமாக எழுதி வாங்காமல் புறப்படுபவர்கள், ஒரு பை நிறைய மாத்திரை அட்டைகளைப் புதிய மருத்துவரின் மேசையில் கொட்டுவார்கள். அட்டையில் பெரிதாக இருப்பது வணிகப் பெயர். அது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் ஃப்ளோமேக்ஸ் என்ற பெயரில் விற்கப்படுவது புராஸ்டேட் வீக்கத்துக்கான மருந்து. இத்தாலியில் அதே பெயரில் அழற்சியைக் குறைக்கும் வேறொரு மருந்து இருந்திருக்கிறது. எனவே வணிகப் பெயரை விட்டுவிட்டு, மருந்தின் பொதுப்பெயர் (அதாவது அதில் உள்ள மூலப்பொருளின் பெயர்), அளவு, ஒரு நாளில் எத்தனை வேளை என்ற மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பொதுப்பெயரிலும் சில விதிவிலக்குகள் உள்ளன: பாராசிட்டமாலை அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்பார்கள்; மூச்சிரைப்புக்கு உறிஞ்சும் சால்பியூட்டமால் அங்கே ஆல்பியூட்டரால். மூலிகை மருந்துகளையும் அந்தப் பட்டியலில் சேர்க்கத் தயங்கக் கூடாது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும்.

எண்களில் ஏற்படும் குழப்பம் இன்னும் நுட்பமானது. ரத்தச் சர்க்கரையைச் சில நாடுகளில் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்றும், பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்றவற்றில் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்றும் எழுதுகிறார்கள். முன்னதில் 126 என்று வருவது பின்னதில் 7.0, இரண்டுமே வெறும் வயிற்றில் நீரிழிவு நோயைக் குறிக்கத் தொடங்கும் எல்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 7 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்துப் பழகிய ஒருவர், புதிய அறிக்கையில் ரத்தச் சர்க்கரை 7 என்று கண்டு இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வது எளிது. அலகைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் மருத்துவரும் தடுமாறுவார்.

தடுப்பூசி அட்டையைக் குழந்தைகளுக்கு மட்டும் உரியது என்று விட்டுவிட வேண்டாம். காசநோய்க்கு எதிரான பி.சி.ஜி. தடுப்பூசி போட்டுக்கொண்ட பெரியவருக்குத் தோலில் ஊசி போட்டுச் செய்யும் காசநோய்ச் சோதனை, தொற்று இல்லாதபோதும் தொற்று இருப்பதாகக் காட்டக்கூடும். இதை முன்பே சொன்னால், அந்தக் குழப்பத்துக்கு இடம் தராத ரத்தப் பரிசோதனையை மருத்துவர் தேர்ந்தெடுப்பார்.

பேச்சுக்குத் துணையாகப் பிள்ளையை அழைத்துச் செல்லும் வழக்கத்தையும் கைவிட வேண்டும். பத்து வயதுக் குழந்தையின் எதிரில் தாய் தம் மாதவிடாய்ச் சிக்கலையோ, மனச்சோர்வையோ எப்படிச் சொல்வார்? சொல்ல வேண்டியதில் பாதியை விழுங்கிவிட்டுத் திரும்புவார். இங்கிலாந்தின் தேசிய மருத்துவச் சேவை உட்படப் பல அமைப்புகள் மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஏற்பாடு செய்கின்றன. ஆனால் அதைப் பதிவுப் படிவத்திலோ, நேரம் குறிக்கும்போதோ கேட்டுவிட வேண்டும், அறைக்குள் அமர்ந்த பிறகு கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

பதிவு முடிந்தபின் நடக்கும் ஒரு சறுக்கலையும் சொல்லியாக வேண்டும். புதிதாக வந்தவர்கள் முதல் ஆண்டில் வீடு மாறுவது சாதாரணம். சிறப்பு மருத்துவரைச் சந்திக்கும் நாள் இன்றும் பல இடங்களில் அஞ்சலில்தான் வருகிறது. கடிதம் பழைய முகவரிக்குப் போய், குறித்த நாளில் நோயாளி வராவிட்டால், பரிந்துரையைக் குடும்ப மருத்துவருக்கே திருப்பி அனுப்பிவிடக்கூடும். முகவரி மாறிய அன்றே குடும்ப மருத்துவரின் மருத்துவமனைக்குத் தெரிவித்து, புதிய வீடு அவர்களின் எல்லைக்குள் வருகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டால் வேறொரு மருத்துவரிடம் மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.